ஊர்க்கணக்கர் குமரப்பா

நுழையும்முன்

2015ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பி அடையாறு கரைபுரண்டபோது, சென்னை மாநகரில் பாலுக்கும் குடிநீருக்கும் மக்கள் வரிசையில் நின்றனர். கையில் பணம் இருந்தது. வாங்குவதற்குப் பொருள் இல்லை. வெளியிலிருந்து வரும் வண்டிகள் நின்றுபோனால் ஓர் ஊர் எத்தனை நாள் தாங்கும்? அவ்வூர் உண்பதில் எவ்வளவு அவ்வூரில் விளைகிறது? இவ்வினாக்களைக் கையில் ஏட்டுடன் ஊர் ஊராகச் சென்று கேட்ட தமிழர் ஒருவரின் வாழ்க்கை இப்பாடம்.

தணிக்கையாளர்

தஞ்சாவூரில் 1892ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 4ஆம் நாள் ஒரு கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தவர் ஜோசப் செல்லத்துரை கொர்னேலியஸ். தந்தை அரசுப் பொதுப்பணித் துறையில் பணியாற்றியவர். ஒழுங்கும் நேரந்தவறாமையும் அவ்வீட்டின் சட்டங்களாக இருந்தன. தாய் எஸ்தர் இராசநாயகம் சமயப்பற்று மிக்கவர். ஈகையைப் பிள்ளைகளுக்குச் சிறுவயதிலேயே பழக்கியவர். பிற்காலத்தில் பாட்டனார் பெயரான குமரப்பா என்பதையே மகன் தம் பெயராக்கிக்கொண்டார். நாடு அறிந்த பெயரும் அதுவே.

முதல் உலகப்போருக்குச் சற்று முன்னர் இலண்டன் சென்று கணக்குத் தணிக்கை பயின்றார். தேர்ச்சி பெற்று அங்கேயே சில ஆண்டுகள் பணிபுரிந்தார். தாயின் அழைப்பை ஏற்று 1919இல் தாயகம் திரும்பிப் பம்பாயில் தொழில் தொடங்கினார். மேலைநாட்டு உடை, மேலைநாட்டு உணவு, மேலைநாட்டுப் பழக்கவழக்கங்கள் என வாழ்ந்த அவருக்கு இந்தியச் சிற்றூர் என்பது தொடர்வண்டியின் சாளரம் வழியே தெரிந்து மறையும் காட்சி மட்டுமே. ஆங்கில ஆட்சி இந்தியாவுக்கு நன்மை செய்கிறது என்றே அக்காலத்தில் அவர் நம்பினார்.

அந்நம்பிக்கையை உடைத்தது எந்த மேடைப் பேச்சும் அன்று. 1927இல் அமெரிக்கா சென்ற குமரப்பா, சிரகியூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக மேலாண்மைப் பட்டம் பெற்றபின், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொதுநிதி பயின்றார். அங்கு ஒரு தேவாலயத்தில் இந்தியா ஏன் வறுமையில் வாடுகிறது என்பது குறித்து உரையாற்றினார். அவ்வுரை பற்றிய செய்தி நாளிதழில் வந்தது. அதைக் கண்ட பேராசிரியர் எட்வின் செலிக்மன், அப்பொருளையே ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளும்படி மாணவரைப் பணித்தார். அரசின் வரவு செலவு ஏடுகளைத் தணிக்கையாளரின் கண்கொண்டு புரட்டிய குமரப்பா, உழவரிடம் திரட்டிய வரி எங்குச் செல்கிறது என்று பின்தொடர்ந்தார். படைச்செலவு, கடனுக்கான வட்டி, உயர் அலுவலர்களின் ஊதியம், ஓய்வூதியம் எனப் பெரும்பகுதி கரைந்தது. கல்விக்கும் நலவாழ்வுக்கும் உழவுக்கும் எஞ்சியது சிறிதே. ஆங்கில ஆட்சியின் மீது அவர் வைத்திருந்த பற்று, அவ்வாட்சியின் ஏடுகளாலேயே அழிந்தது.

சபர்மதியில் ஒரு பிற்பகல்

ஆய்வேட்டுடன் திரும்பிய குமரப்பா அதனை நூலாக வெளியிட விரும்பினார். காந்தியடிகளிடம் காட்டலாம் என்று நண்பர்கள் கூறினர். 1929ஆம் ஆண்டு மே 9ஆம் நாள் பிற்பகல், பட்டு உடையும் கைத்தடியுமாகச் சபர்மதி ஆசிரமம் சென்றார். குறித்த நேரத்துக்குச் சற்று முன்னரே வந்துவிட்டதால் அங்குமிங்கும் உலவினார். ஒரு மரத்தடியில், சாணம் மெழுகிய தரையில் அமர்ந்து முதியவர் ஒருவர் நூற்றுக்கொண்டிருந்தார். இராட்டையை அதற்குமுன் கண்டிராத குமரப்பா, கைத்தடியில் சாய்ந்தபடி அதையே பார்த்துநின்றார். சிறிது நேரத்தில் அம்முதியவர் நிமிர்ந்து, வந்திருப்பவர் குமரப்பாதானா என வினவிய பிறகே, தாம் காண வந்தவர் அவர்தாம் என்பது விளங்கிற்று. உடனே பட்டு உடையுடன் தரையில் அமர்ந்தார்.

ஆய்வேட்டை முன்பே படித்திருந்த காந்தியடிகள், அதனை யங் இந்தியா இதழில் தொடராக வெளியிட இசைந்தார். அத்துடன் வேறொரு வேலையையும் முன்வைத்தார். குசராத்தில் ஒரு பகுதியின் சிற்றூர்களை வீடு வீடாக ஆய்ந்து அறிக்கை தர இயலுமா என்று கேட்டார். தமக்குக் குசராத்தி தெரியாதே எனக் குமரப்பா தயங்கினார். குசராத் வித்யாபீட மாணவர்கள் துணைவருவர் என்று விடை கிடைத்தது. வித்யாபீடத்தின் பொறுப்பிலிருந்த காகா காலேல்கருக்கோ, மொழி தெரியாத இந்தப் பம்பாய்க் கனவான் சிற்றூரில் என்ன செய்வார் என்ற ஐயம். அந்த ஐயத்தில் தவறில்லை. அன்றைய குமரப்பாவைக் கண்ட எவருக்கும் அது தோன்றியிருக்கும்.

மாத்தர் வட்டம்

1929இன் இறுதியில் கேடா மாவட்டத்து மாத்தர் வட்டத்தில் பணி தொடங்கியது. பட்டு உடை கதர் ஆடையாக மாறியது. மாணவர் குழுவுடன் 50க்கும் மேற்பட்ட சிற்றூர்களுக்கு அவர் சென்றார்.

அக்காலச் சூழலை இங்கே நினைவிற்கொள்ள வேண்டும். நிலவரி உயர்வை எதிர்த்துப் பர்தோலி உழவர்கள் 1928இல் வரிகொடா இயக்கம் நடத்தி வென்றிருந்தனர். வரியை அரசு எவ்வாறு கணிக்கிறது என்பது நாடெங்கும் பேசுபொருளாக இருந்த காலம் அது. அரசின் கணிப்பு பெரிதும் நிலத்தையே பார்த்தது. நிலத்தின் தரம் என்ன, குத்தகை என்ன, விளைபொருளின் விலை என்ன என்பதோடு அது நின்றுவிட்டது. அந்நிலத்தில் பாடுபடும் குடும்பத்தின் அடுப்பில் என்ன வேகிறது என்று அது கேட்கவில்லை.

குமரப்பா கேட்டார். ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு நிலம், அது எத்தனை துண்டாகக் கிடக்கிறது, கிணறு உண்டா, மாடுகள் எத்தனை, விதைக்கும் தீவனத்துக்கும் என்ன செலவு, உண்பது எது, உடுப்பது எது, கடன் எவ்வளவு, வட்டி எவ்வளவு என ஒவ்வொன்றையும் எழுதச் செய்தார். வணிக நிறுவனத்துக்கு வரவு செலவு எழுதுவதுபோல ஓர் உழவர் குடும்பத்துக்கு வரவு செலவு எழுதுவது அன்று புதுமை. வணிகத்தில் இழப்பு ஏற்பட்டால் வரி இல்லை. உழவில் இழப்பு ஏற்பட்டாலும் வரி உண்டு. இந்த முரண்பாட்டைப் புள்ளிவிவரமாக நிறுவியதே மாத்தர் ஆய்வின் வலிமை. செலவு போக எதுவும் மிஞ்சாத குடும்பம் கடன் வாங்கி வரி கட்டியது. மழை பொய்த்த ஆண்டில் விதைநெல்லும் மாடும் விற்பனைக்குப் போயின. ஆகவே அடுத்த ஆண்டு மழை பெய்தும் பயனில்லை.

வறட்சி இயற்கையால் வருகிறது. அதனைப் பஞ்சமாக மாற்றுவது ஊரில் சேமிப்பு இல்லாமை என்பதே இக்கணக்கிலிருந்து பெறப்படும் செய்தி. பேரிடருக்கு ஓர் ஊர் ஆயத்தமாக இருக்கிறதா என்பதை நல்ல ஆண்டின் வரவு செலவிலேயே கண்டுகொள்ளலாம்.

ஆய்வுப்பணி முடியும் வேளையில், 1930 மார்ச்சில் தண்டி யாத்திரை தொடங்கியது. காந்தியடிகள் சிறைசென்றபோது யங் இந்தியாவின் ஆசிரியப் பொறுப்பைக் குமரப்பா ஏற்றார். எழுதியவற்றுக்காகச் சிறை கிடைத்தது. வெளிவந்து, இந்தியாவின் பெயரால் ஆங்கில அரசு ஏற்றிவைத்த கடன்களை ஆராயக் காங்கிரசு 1931இல் அமைத்த குழுவின் அமைப்பாளராக இருந்தார். மீண்டும் சிறை. இவ்வாறே அவ்வாண்டுகள் கழிந்தன.

நிலம் நடுங்கிய நாளில்

1934ஆம் ஆண்டு சனவரி 15ஆம் நாள் பிற்பகலில் வடபீகாரும் நேபாளமும் பெரும் நிலநடுக்கத்தால் குலைந்தன. 10,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். நிலம் பிளந்து, அடியிலிருந்து நீரும் மணலும் பீறிட்டு வயல்களை மூடின. கிணறுகள் மணலால் தூர்ந்தன. உயிர் பிழைத்தவர்களுக்கு முதலில் வேண்டியிருந்தது குடிநீர்.

இன்னொரு சிக்கல் சற்றுக் காலந்தாழ்ந்து தெரியவந்தது. அது கரும்பு அறுவடைக் காலம். சர்க்கரை ஆலைகள் இடிந்து கிடந்தன. தொடர்வண்டிப் பாதைகள் முறுக்கிக்கொண்டிருந்தன. வயலில் கரும்பு நின்றது, பிழிய இடமில்லை. ஆலை வருமுன் அவ்வூர்களில் மாடு பூட்டி ஓட்டும் கரும்புச் செக்குகள் இருந்தன. வீட்டு முற்றத்திலேயே வெல்லம் காய்ச்சினார்கள். ஆலை வந்தபின் அவை வழக்கொழிந்திருந்தன. இப்போது மீண்டும் அச்செக்குகளைத் தேடித் திரட்டித் தரவேண்டியதாயிற்று. ஒரே இடத்தில் குவிந்த தொழில், ஒரே அடியில் நின்றுபோகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இராசேந்திர பிரசாத் தலைமையிலான பீகார் மைய நிவாரணக் குழுவுக்கு நாடெங்கிலுமிருந்து பணம் குவிந்தது. பணம் குவியும் இடத்தில் கணக்கு தளர்வது இயல்பு. நிதிப்பொறுப்பைக் கவனித்த சம்னாலால் பசாசுக்குத் துணையாகக் குமரப்பா அனுப்பப்பட்டார். அவர் வகுத்த விதிகள் கடுமையானவை. தொண்டர் ஒருவரின் ஒருநாள் உணவுக்கு மூன்று அணா மட்டும். ஒவ்வொரு செலவுக்கும் சீட்டு. சீட்டு இல்லையேல் பணம் இல்லை.

அவ்வேளையில் காந்தியடிகள் தம் குழுவினருடன் பாட்னா வந்தார். பாலும் பழமும் கொள்ளும் அக்குழுவின் உணவுச்செலவு மூன்று அணாவில் அடங்காது. அச்செலவை நிவாரண நிதியில் எழுத முடியாது என்றும், ஊர்திக்கான எரிபொருளுக்கும் வேறு வழி பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் குமரப்பா அறிவித்துவிட்டார். சுற்றியிருந்தோர் திகைத்தனர். காந்தியடிகளோ அதை முழுமனத்துடன் ஏற்றார். மற்றொரு நாள் முன்னறிவிப்பின்றித் தம்மைக் காண வந்த காந்தியடிகளிடம், கணக்கு முடிக்கும் வேலை இருப்பதால் அன்று பேச இயலாது என்று சொல்லியனுப்பியவரும் இவரே. இந்நிகழ்ச்சிகளை நேர்மைக்குச் சான்றாகக் கூறுவது வழக்கம். அவற்றில் நேர்மைக்கு மேலும் ஒன்று இருக்கிறது. துயருற்றவருக்கென வந்த ஒவ்வோர் அணாவும் அவரையே சேரவேண்டும் என்றால், அதைக் கேட்பவர் யார் என்று பார்க்கக் கூடாது.

மகன்வாடி

1934 டிசம்பரில் வார்தாவில் அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கம் தொடங்கப்பெற்றது. அமைப்பாளரும் செயலாளரும் குமரப்பா. பசாசு வழங்கிய தோட்டத்தில் எழுந்த மகன்வாடி அதன் இருப்பிடமாயிற்று. சங்கத்தின் பெயரைக் கேட்டுப் பழைமையைக் காக்கும் அமைப்பு என்று எண்ணியவர் பலர். அங்கு நடந்ததோ ஆய்வுக்கூட வேலை. செக்கின் அமைப்பைத் திருத்தினார்கள். கையால் தாள் செய்தார்கள். புகை குறைந்த அடுப்பு கண்டார்கள். மண்ணெண்ணெய்க்கு மாற்றாகத் தாவர எண்ணெயில் எரியும் மகன் தீபம் என்னும் விளக்கை உருவாக்கினார்கள். சங்கத்தின் கடிதங்களும் இதழும் கைத்தாளிலேயே வெளிவந்தன.

விளக்கெண்ணெயில் என்ன பொருளாதாரம் என்று வினவலாம். ஊரில் வேம்பும் இலுப்பையும் புன்னையும் காய்த்து உதிர்கின்றன. அவற்றின் வித்துகள் மண்ணில் மட்க, கடல் கடந்து வரும் மண்ணெண்ணெய்க்கு ஊர்ப்பணம் வெளியே செல்கிறது. போர் வந்து கப்பல் நின்றால் ஊர் இருளும். இப்படித்தான் குமரப்பா சிந்தித்தார். எந்தப் பொருளைக் கண்டாலும், இது எங்கிருந்து வருகிறது, இதற்கு ஈடாக ஊரைவிட்டு எது போகிறது என்னும் இரு கேள்விகள் அவரிடம் எழுந்தன.

எள்ளையும் கடலையையும் வித்தாகவே விற்றுவிட்டு எண்ணெயை வாங்கும் ஊர், எண்ணெய் ஆட்டும் கூலியை இழக்கிறது. அத்துடன் பிண்ணாக்கையும் இழக்கிறது. பிண்ணாக்கு இல்லாமல் மாடு மெலிகிறது. மாடு மெலிந்தால் பாலும் எருவும் குறைகின்றன. எரு குறைந்தால் நிலம் இளைக்கிறது. நெல்லை ஆலைக்கு அனுப்பித் தீட்டிய அரிசியாக வாங்கும் ஊர், தவிட்டோடு உயிர்ச்சத்தையும் தொலைக்கிறது. தவிடு நீங்கிய அரிசியையே உண்போரைப் பெரிபெரி என்னும் நோய் தாக்குவதை அக்கால மருத்துவர்கள் கண்டறிந்திருந்தனர். தரிசில் தானே வளரும் பனையிலும் ஈச்சையிலும் வெல்லம் கிடைக்க, சர்க்கரைக்காக நன்செய்யைக் கரும்புக்கு ஒதுக்குவது உணவுக்கான நிலத்தைக் குறைப்பதாகும் என்றும் அவர் வாதிட்டார். பனங்கருப்பட்டி உண்டு வளர்ந்த தமிழ்நாட்டுக்கு இக்கருத்து புதிதன்று. ஆனால் அதனைப் பொருளியலாக எடுத்துரைத்தவர் அவரே.

1938இல் மத்திய மாகாண அரசு அமைத்த தொழில் ஆய்வுக்குழுவின் தலைவராக, 600க்கும் மேற்பட்ட சிற்றூர்களை ஆராயும் பெரும்பணியைக் குமரப்பா ஏற்றார். மாத்தரில் ஒரு வட்டம். இங்கோ ஒரு மாகாணம். அடுத்து வடமேற்கு எல்லை மாகாணத்துக்கும் சென்று திட்டம் வகுத்தார். இவ்வாய்வுகளில் எல்லாம் அவர் முதலில் எழுதியது ஊரின் குறைகளை அன்று. களிமண் எங்கே கிடைக்கிறது, மூங்கில் எங்கே வளர்கிறது, தோல் எவ்வளவு, எலும்பு எவ்வளவு, எந்தத் தொழிலறிந்த கைகள் வேலையற்றுக் கிடக்கின்றன என்ற இருப்புப் பட்டியலே முதலில் வந்தது. ஊருக்கு வெளியேயிருந்து எதைக் கொண்டுவரலாம் என்ற கேள்வி அதற்குப் பின்புதான்.

அப்பத்துக்குக் கல்

இரண்டாம் உலகப்போரின்போது ஆங்கில அரசு படைக்கு வேண்டிய தானியத்தையும் பண்டங்களையும் இந்தியாவில் வாங்கிக் குவித்தது. அதற்கு ஈடாகப் பணத்தாள்களை அச்சிட்டது. உழவர் கையில் தாள் பெருகியது; களஞ்சியத்தில் தானியம் குறைந்தது; விலை ஏறியது. அப்பம் கேட்டவனுக்குக் கல்லைக் கொடுப்பது என்னும் விவிலியக் கருத்தைத் தலைப்பாக்கி, இம்முறையைக் கண்டித்துக் குமரப்பா 1942இல் கட்டுரை எழுதினார். அரசு அவரைச் சிறையிலிட்டது. அவர் சிறையிலிருந்த 1943இல் வங்காளத்தில் பஞ்சம் வந்தது; இலட்சக்கணக்கானோர் மாண்டனர். சந்தையில் அரிசி முற்றிலும் இல்லாமற்போகவில்லை. வாங்க இயலாத விலையில் இருந்தது.

சபல்பூர்ச் சிறையில் அவர் உடல்நலம் சீர்குலைந்தது. ஆயினும் அங்குதான் அவருடைய தலைசிறந்த நூல் உருவாயிற்று. நிலைத்த பொருளாதாரம் எனத் தமிழில் அதன் பெயரைக் கூறலாம். இயற்கையில் உயிர்கள் வாழும் முறைகளைக் கொண்டு மனிதர் பொருளீட்டும் முறைகளை அந்நூலில் ஐந்தாக வகுத்தார். ஆட்டைக் கொன்று தின்னும் புலி, தான் நடாத தோப்பில் கனி பறிக்கும் குரங்கு, தன் கூட்டைத் தானே கட்டும் பறவை, கூட்டத்துக்காகத் தேன் சேர்க்கும் தேனீ, கைம்மாறு கருதாமல் குஞ்சுக்கு இரையூட்டும் தாய்ப்பறவை ஆகியவை அவர் காட்டிய எடுத்துக்காட்டுகள். நிலக்கரியும் எண்ணெயும் எடுக்க எடுக்கக் குறைபவை. காடும் ஆறும் உழைப்பும் முறையாகப் பேணினால் குறையாதவை. முன்னதை நம்பும் நாடுகள் அதற்காகப் போரிட்டே தீரும் என்றார். சுற்றுச்சூழல் என்ற சொல் பரவலாக வழங்குவதற்குப் பல்லாண்டுகளுக்கு முன் எழுதப்பெற்ற வாதம் இது. நூலுக்கு முன்னுரை வழங்கிய காந்தியடிகள், கிராமக் கைத்தொழில்களின் முனைவர் என்னும் பட்டத்தையும் ஆசிரியருக்குச் சூட்டினார்.

ஓர் ஊரின் தற்சார்பு பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் ஓர் ஊரோடு நின்றுவிடுவர். குமரப்பா அவ்வாறு நிற்கவில்லை. ஓர் இலட்சம் மக்கள் வாழும் வட்டாரம் ஒன்றை அலகாகக் கொண்டு, அவர்களுக்குச் சமச்சீர் உணவும் உடையும் கிடைக்க எத்தனை ஏக்கரில் தானியம், எத்தனை ஏக்கரில் பருப்பு, எண்ணெய்வித்து, காய்கனி, தீவனம், பருத்தி விளைய வேண்டும் என்று அட்டவணை வகுத்தார். ஒரே ஊர் எல்லாவற்றையும் விளைவிக்க இயலாது. அண்டை ஊர்கள் தம்முள் பகிர்ந்துகொண்டால் இயலும். வட்டாரத்தின் தேவை நிறைந்தபின் மிகுவது மட்டுமே வெளிச்சந்தைக்குச் செல்ல வேண்டும். தொடர்வண்டி போன்ற பெருந்தொழில்கள் வேண்டியதில்லை என்று அவர் கூறியதாக நினைப்பது பிழை. அவை பொதுவுடைமையாக இருக்கட்டும் என்றார். சோறும் துணியும் அவற்றை நம்பியிருக்கக் கூடாது என்பதே அவர் வற்புறுத்தியது.

கல்லுப்பட்டிக் குடில்

விடுதலைக்குப்பின் காங்கிரசு நிலச்சீர்திருத்தக் குழுவின் தலைவராகி, உழுபவருக்கே நிலம் என்னும் அடிப்படையில் 1949இல் அறிக்கை அளித்தார். நிலவுடைமைக்கு உச்சவரம்பு வேண்டும் என்றும் அவ்வறிக்கை கூறியது. ஆனால் நாடு பேரணைகளையும் பெருந்தொழிற்சாலைகளையும் நோக்கி விரைந்துகொண்டிருந்தது. வேதியுரம், வனசுபதி, பெரிய ஆலைகள் எனப் பலவற்றையும் அவர் எதிர்த்தார். பழைய நண்பர்களுடனும் முரண்பட்டார். அவர் எளிதில் இணங்கிப்போகும் மனிதர் அல்லர். குருதியழுத்த நோய் வாட்டியது; சினம் விரைவில் வந்தது. கேட்பவர் குறைந்தனர்.

திருமணம் செய்துகொள்ளாமல் வாழ்ந்த குமரப்பா, இறுதி ஆண்டுகளை மதுரை மாவட்டம் தே.கல்லுப்பட்டிக் காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கழித்தார். அவர் தங்கிய குடிலில் இரண்டு படங்கள் இருந்தன. ஒன்று காந்தியடிகளின் படம். மற்றொன்று பெயரறியா ஏழை உழவர் ஒருவரின் படம். காந்தியடிகள் தம் தலைவர் என்றும், அந்த உழவர் தம் தலைவரின் தலைவர் என்றும் வருவோருக்கு அவர் விளக்குவது வழக்கம். 1960ஆம் ஆண்டு சனவரி 30ஆம் நாள், காந்தியடிகள் மறைந்த அதே நாளில், சென்னையில் காலமானார்.

குத்தம்பாக்கத்தில்

சென்னைக்கு மேற்கே, பூந்தமல்லியைக் கடந்து பெங்களூரு நெடுஞ்சாலையில், செம்பரம்பாக்கம் ஏரியை அடுத்து இருக்கிறது குத்தம்பாக்கம். குமரப்பா மறைந்து 36 ஆண்டுகளுக்குப்பின், 1996இல், வேதிப்பொறியியல் கற்ற இரங்கசாமி இளங்கோ அவ்வூராட்சியின் தலைவரானார். கள்ளச்சாராயமும் சாதிச்சண்டையும் மலிந்திருந்த ஊர் அது. காந்தியடிகளின் எழுத்துகளோடு குமரப்பாவின் எழுத்துகளும் அவருக்கு வழிகாட்டின.

மாத்தரில் கேட்கப்பட்ட கேள்விகள் இங்கு மீண்டும் ஒலித்தன. ஒரு திங்களுக்கு ஊரிலுள்ள வீடுகள் எல்லாம் சேர்ந்து என்னென்ன வாங்குகின்றன? அரிசி, பருப்பு, எண்ணெய், பால், சோப்பு, துணி என எழுதிக் கூட்டியபோது பெருந்தொகை வந்தது. ஏழை ஊர் என்று பெயர். ஆனால் அதன் வழியே ஓடும் பணம் சிறிதன்று. அப்பொருள்களுள் பெரும்பகுதியை ஊரிலேயோ அண்டை ஊர்களிலோ செய்துகொள்ள இயலும் என்பதும் தெரிந்தது. நெல் விளைவித்த ஊர் நெல்லை விற்றுவிட்டு அரிசி வாங்கிக்கொண்டிருந்தது. சிற்றூர்கள் பல இணைந்து ஒன்றுக்கொன்று தேவையானவற்றைச் செய்துகொள்ளும் ஊர்க்கூட்டு என்னும் எண்ணம் இதிலிருந்து வளர்ந்தது. குமரப்பாவின் ஓர் இலட்சம் மக்கள் அட்டவணைக்கு அது நெருங்கிய உறவு.

குமரப்பாவின் ஏடுகள் அதிகம் தொடாத ஒன்றையும் குத்தம்பாக்கம் தொடவேண்டியிருந்தது. வெள்ளம் வந்தால் எந்தத் தெருவினர் எந்தத் தெருவில் ஒதுங்கலாம் என்பது நம் ஊர்களில் பொருளியல் வினா மட்டும் அன்று. சேரியும் ஊரும் தனித்தனியே இருக்கும்வரை ஊர்த் தற்சார்பு என்ற சொல்லில் ஊர் என்பது யாரைக் குறிக்கிறது? இங்கு எழுந்த சமத்துவபுரத்தில் 50 இரட்டை வீடுகள் கட்டப்பெற்றன. ஒவ்வொன்றிலும் நடுச்சுவர் ஒன்றே. சுவரின் ஒருபுறம் தலித் குடும்பம், மறுபுறம் பிற சாதிக் குடும்பம். உள்ளூர் மண்ணும் உள்ளூர்க் கைகளும் அவ்வீடுகளைக் கட்டப் பயன்பட்டன.

இன்று குத்தம்பாக்கத்தின் எல்லையில் புறநகர்ப் பேருந்து முனையம் எழுந்திருக்கிறது. மாநகரம் மேற்கு நோக்கி வளர்கிறது, வயல்கள் மனைகளாகின்றன. நெல் விளைந்த நிலத்தின் பரப்பும், வீடுகள் வாங்கும் பொருள்களின் பட்டியலும், ஏரி நிரம்பினால் நீர் போகும் வழியும் 1996இல் இருந்தவாறு இல்லை. ஊர்க்கணக்கைப் புதிதாக எழுத வேண்டிய வேளை வந்திருக்கிறது.